மூடியை ஒளித்துவைத்த நாள்

திருவொற்றியூரில் எங்கள் தெருவுக்கு வரும் லாரித் தண்ணீரில் குளோரின் வாடை மூக்கைத் துளைக்கும். டீ போட்டால் டீயே நாறும். அகலமான பாத்திரத்தில் பிடித்துத் திறந்துவைத்தால் ஒரு பகலில் வாடை போய்விடும் என்று தெரிந்ததும், பெரிய குண்டானில் நிரப்பி வாசல் நடையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். திரும்பி வந்தால், மூடியிருக்கிறது! நாலு நாளும் இதே கதை. மூடியது எதிர்வீட்டு மும்தாஜ் அக்கா.

"மூடாதீங்கன்னு எத்தினி தபாக்கா சொல்றது?"

"குடிக்கிற தண்ணிய எவளாவது தொறந்து போடுவாளா?"

ஐந்தாம் நாள் எரிச்சலில் மூடியைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுப் போனேன். மாலையில் வாடையே இல்லை. ஜெயித்த திமிரில் ஒரு டம்ளர் மொண்டு அக்காவின் மூக்கருகே நீட்டினேன்.

"இப்ப மோந்து பாருங்க, வாடை கீதா?"

அவர் டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார். "கரி மெதந்துகினு கீதேமா!"

கண்டெய்னர் லாரிகள் கரிப்புகையும் புழுதியும் கிளப்பும் ரோடு எங்கள் வாசலிலிருந்து பத்தடி. அவரைத் தோற்கடிக்கும் வேகத்தில் அதை மறந்திருந்தேன்.

அக்கா தன் பழைய வெள்ளைத் துப்பட்டியைக் கிழித்துவந்து, குண்டானைக் கழுவி அதன் வாயில் கட்டினார். "வாடையும் போவும், கரியும் வுயாது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இத மொத நாளே சொல்லக்கூடாதா?"

"வாடை போவத்தான் தொறக்கிறன்னு நீ சொன்னியா?"

யோசித்துப் பார்த்தேன். நாலு நாளும் 'மூடாதீங்க' என்று கத்தியதைத் தவிர அவரிடம் நான் எதுவுமே சொல்லியிருக்கவில்லை.