காளியம்மாளை வெளுத்த ஸ்டூடியோக்காரர்

குத்தாலத்தில் ஸ்டூடியோ நடத்தும் பரிதி, கண்ணீர் அஞ்சலிப் பேனருக்கு வரும் எந்த முகத்தையும் கணினியில் வெள்ளையாக்காமல் விடுவதில்லை. இறந்தவருக்குத் தாம் செய்யும் மரியாதை அது என்பார். நிறத்தைத் தொடக் கூடாதென்று நான் வாட்ஸ்அப்பில் எழுத்துமூலம் கேட்டிருந்தும், நடவு வயல் வெயிலில் கறுத்திருந்த, மறைந்த என் மனைவி காளியம்மாளைச் சிவப்பாக்கி, நெற்றியில் குத்தியிருந்த பச்சையையும் அழித்திருந்தார்.

"இது யாருங்க?" என்றேன்.

"அண்ணிதாண்ணே. வர்றவங்க பார்க்க லட்சணமா இருக்க வேணாமா?"

"உயிரோட இருந்தப்ப லட்சணமா இல்லேன்னு உங்ககிட்ட யார் சொன்னது?"

பேனரை வாங்காமல் திரும்பினேன். அதையே தம் வேலைக்கு மாதிரியாகக் கடை வாசலில் கட்டியிருக்கிறார். கழற்றச் சொல்லி நான் அனுப்பிய செய்திகள் அனைத்தும் என்னிடம் உள்ளன. அவற்றுக்கு அவர் அளித்த ஒரே பதில்:

"அண்ணின்னு யாருக்கும் அடையாளம் தெரியாதுண்ணே, விடுங்க."