மாமனுக்கு நான் போட்ட மார்க்

ஏழு வயதுவரை எனக்குக் காது குத்தவில்லை. ஒற்றைப்படை வயதில்தான் குத்த வேண்டும் என்பார்கள். ஒன்றில் வீட்டில் ஒரு சாவு, மூன்றில் கோயில் திருப்பணி, ஐந்தில் எனக்கே அம்மை. ஏழில் எல்லாம் கூடி வந்தது. மூலனூர்ப் பக்கம் இருக்கும் குலதெய்வக் கோயிலில் மாசி மாதம் வைத்துக்கொள்வதென்று நாள் குறித்து, கடா சொல்லி, வேனும் பேசிய பிறகு மாமனுக்குப் பக்கவாதம் வந்துவிட்டது.

மாமன் என்றால் அம்மாவின் அண்ணன். மொட்டை அடிப்பதும் காது குத்துவதும் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான். ஒன்றுவிட்ட மாமன்கள் மூன்று பேர் தங்கள் மடியைத் தர முன்வந்தார்கள். அம்மா ஒரே பிடியாக நின்றாள். "என்ற அண்ணன் எந்திரிச்சு வந்து மடியில வெச்சுக்கிட்டாக் குத்தறது. இல்லீன்னா புள்ள மூளிக் காதோடயே இருக்கட்டும்." எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் மட்டும் உள்ளுக்குள் துள்ளிக் குதித்தேன். காதுகூடப் பரவாயில்லை, மொட்டைதான் என் பயம். என் வகுப்பில் மொட்டையோடு வந்த ஒருத்தியை, முடி வளரும்வரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

மாமன் அருள்புரத்தில் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி வைத்திருந்தார். முதலாளியும் அவரே, கட்டிங் மாஸ்டரும் அவரே. அடுக்கி வைத்த துணியை இடது கை அழுத்திப் பிடிக்கும், வலது கை மெஷினை ஓட்டும். துணி ஓரத்தை இடது கை விரல்களுக்கு நடுவே ஒரு தேய்ப்புத் தேய்த்தால் போதும், கனம் எத்தனை ஜிஎஸ்எம் என்று சொல்லிவிடுவார். தராசு அப்புறம் வந்து ஆமாம் போடும். அந்த இடது பக்கம்தான் விழுந்துவிட்டது. இரண்டு மாதத்தில் நடை வந்தது, கொஞ்சம் சாய்ந்த நடை. கையும் அரைகுறையாக அசைந்தது. உணர்ச்சிதான் இல்லை. ஒருநாள் அயர்ன் பாக்ஸ் மேல் இடது கையைச் சாய்த்துக்கொண்டு யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். சட்டைக் கை பொசுங்கும் வாசம் வந்த பிறகு அத்தைதான் ஓடிவந்து இழுத்தார். அன்றைக்கே கட்டிங் மெஷினைத் துணி போட்டு மூடிவிட்டார். அதன்பின் மாமன் கம்பெனிக்குப் போனாலும் அந்த மேஜைப் பக்கம் திரும்ப மாட்டார்.

அந்தச் சமயத்தில்தான் ஃபிசியோ அக்கா வந்தார். மாமன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டிய திருநெல்வேலி டெய்லரின் மகள். கோயமுத்தூரில் ஃபிசியோதெரபியில் மேல்படிப்பு. படிப்பு முடிய ஓர் ஆராய்ச்சி செய்ய வேண்டுமாம். அதில் மாமனையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டார். எங்கள் வீட்டில் ஆராய்ச்சி என்றால் ராக்கெட் விடுவது. "ஊசி கீசி போட்டு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா?" என்று அத்தை இழுத்தார்.

"மருந்தே கிடையாதும்மா. நல்லா இருக்க கையைக் கட்டிப் போடுதோம். அம்புட்டுதான்."

நல்ல கைக்கு உறை மாட்டிச் சும்மா உட்கார வைத்தால், வராத கை வேறு வழியில்லாமல் வேலைக்கு வரும். பாடம் கைக்கு அல்ல, கையை மறந்துபோன மூளைக்கு என்று அக்கா விளக்கினார். தினம் ஆறு மணி நேரம், இரண்டு வாரம். மறுநாளே கம்பெனி டெய்லர்கள் எக்ஸ்போர்ட்டில் கழிந்த துணியை எடுத்து, விரலே இல்லாத உறைகளாக ஐந்து நிறத்தில் தைத்துக் கொடுத்தார்கள். உள்ளே சைஸ் லேபிள்கூட இருந்தது.

ஆனால் எங்கள் ஊர் மரியாதை ஆராய்ச்சிக்கு எதிரியாக வந்து நின்றது. மாமன் இடது கையால் சோப்பு டப்பாவோடு மல்லுக்கட்டினால், பார்க்க வந்தவர் "ஏனுங்க, உங்களுக்கு எதுக்குங்க இந்தச் செரமம்" என்று பிடுங்கித் திறந்து கொடுத்துவிடுவார். மாமனும் லேசுப்பட்டவர் இல்லை. இடது கையில் சாப்பிடுவதை அத்தை ஒப்புக்கொள்ளாததால், சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் உறைக்கு விடுமுறை. இதைக் கண்டுகொண்ட மாமன் நாளைக்கு ஏழு தடவை சாப்பிட ஆரம்பித்தார். இரண்டு முறுக்கை முக்கால் மணி நேரம் கடித்தார்.

ஆகவே காவலுக்கு ஆள் வேண்டியிருந்தது. கோடை விடுமுறை. எழுதப் படிக்கத் தெரிந்து, வேலை வெட்டி இல்லாமல், யாருக்கும் மரியாதை தராமல் திரிந்த ஒரே ஆள் நான்தான். அக்கா என் கையில் ஒரு நோட்டைக் கொடுத்தார். "மாமா இடது கையால என்னெல்லாம் செய்யுதாங்களோ எழுதணும். சுத்தமா முடியலன்னா பூஜ்யம். நல்லாச் செஞ்சா அஞ்சு. சரியா பிள்ள?"

அதுவரை எனக்குத்தான் மற்றவர்கள் மார்க் போட்டிருக்கிறார்கள். பேனாவைப் பிடித்ததுமே எனக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. மாமன் கை தேறினால் என் முடி போகும். அவர் பாஸாகாதவரை என் ஜடைக்கு ஆபத்தில்லை. தம்ளரைத் தூக்கினார், பூஜ்யம். பேப்பரைப் புரட்டினார், பூஜ்யம். டிஷர்ட் பட்டன்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போட்டார். அவருக்கு வேர்த்துக் கொட்டியது. பெரிய மனது பண்ணி அரை மார்க் போட்டேன், பிறகு அதையும் அடித்துவிட்டேன்.

ஆறாம் நாள் அக்கா வந்தார். மாமனைக் கண்ணை மூடச் சொல்லி, இடது கையில் பஞ்சாலும் குண்டூசியாலும் தொட்டுத் தொட்டுக் கேட்பது அவர் வழக்கம். "தெரியுதா?" "இல்லீங்க." "இப்ப?" "இல்லீங்க." அன்றும் அப்படியேதான். ஆனால் பட்டன் பொறுக்குவதைக் கடிகாரம் வைத்துப் பார்த்தால், முன்னைக்குப் பாதி நேரம்தான் ஆயிற்று. அக்கா நோட்டைப் புரட்டிக் குழம்பினார். "என் முன்னால நல்லாத்தான் செய்யுதீங்க. நோட்டுல பாத்தா பூரா முட்டையா இருக்கே?"

மாமன் நோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் பேனாவை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.

"புள்ள பொய் எழுதாதுங்க" என்றார். "ஊட்டுல நாந்தான் சோம்பல் பட்டுட்டனுங்க."

அக்கா போனதும் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். "ஏனம்மிணி, மாமன் மேல என்ன கோவம்?" அடித்திருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டேன். அவர் அப்படிக் கேட்டதும் மொட்டை, ஜடை, பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் அழுதுகொண்டே கொட்டிவிட்டேன். மாமன் சிரித்த சிரிப்பில் நாற்காலி ஆடியது.

"அட, இதுக்கா! பூமுடி குடுத்தாப் போதும் கண்ணு. மூணு கத்தரி, அவ்வளவுதான். உங்கம்மாகிட்ட நாஞ்சொல்றேன்."

"காது குத்துனா வலிக்குமுங்களா மாமா?"

"வலிக்கும். சுருக்குனு." உறை போட்ட கையால் இடது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். "வலிக்குமேன்னு உனக்குப் பயம். வலிக்க மாட்டேங்குதேன்னு எனக்குப் பயம்."

தான் பெரிய வீரர் என்று பெருமை அடித்துக்கொள்கிறார் என நினைத்துக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து எல்லாவற்றுக்கும் ஐந்து. தம்ளரைக் கீழே போட்டு நசுக்கியதற்கும் ஐந்து. "இதுக்கு ரண்டு போடு அம்மிணி, மாமன் நல்லாப் பண்ணலை" என்று அவரே கெஞ்ச வேண்டியதாயிற்று. ஒவ்வொரு பட்டனுக்கும் இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டோம். மாலையில் கம்பெனித் தரையில் சாக்பீஸ் கோடு போட்டு, அதன்மேல் சாயாமல் அடி வைத்து நடப்பார். டெய்லர்கள் மெஷினை நிறுத்திவிட்டு விசிலடிப்பார்கள். அந்த வருஷ விடுமுறையைப் போல் சந்தோஷமான விடுமுறை எனக்கு அதற்குப் பிறகு வாய்க்கவில்லை. இரண்டு வாரம் முடிந்து உறையைக் கழற்றியபோது இடது கை பிடித்தது, தூக்கியது, தண்ணீரைச் சிந்தாமல் வாய்வரை கொண்டுபோனது. குண்டூசிக்கு மட்டும் அதே "இல்லீங்க"தான்.

"புடிக்க முடியுதில்லீங்ணா, மடிக்கு அது போதும்" என்று அம்மா ஆவணியில் நாள் குறித்துவிட்டாள்.

வேனில் கம்பெனியே ஏறிக்கொண்டது. அக்காவும் அவர் அப்பாவும் வந்தார்கள். மூன்று மாதம் கழித்து மாமனை ஒருமுறை பார்த்து எழுத வேண்டும் என்பதால் அக்காவின் பையில் நோட்டும் இருந்தது. கோயில் வாசலில் மூலனூர் முருங்கைக்காய் போட்ட சாம்பார் ஒரு பக்கம், கடாக்கறி ஒரு பக்கம் கொதித்துக்கொண்டிருந்தன. சொன்ன சொல் தவறாமல் மூன்றே கத்தரியில் என் முடிக் காணிக்கை முடிந்தது. பிறகு ஆசாரி ஊசியை எடுத்தார்.

மாமன் மடியில் நான். அவருடைய வலது கை என் தலையைப் பிடித்திருந்தது. இடது கை என் இரண்டு கைகளையும் சேர்த்து வளைத்து நெஞ்சோடு அணைத்திருந்தது. துள்ளிப் பார்த்தேன், அது விடவில்லை. முதல் காதில் ஊசி இறங்கியதும் ஊரைக் கூட்டினேன். ஆசாரி அடுத்த காதுக்கு இந்தப் பக்கம் வந்தபோது, வாய்க்கு நேரே இருந்த அந்தக் கையை வெடுக்கென்று கடித்தேன்.

"ஐயோ!" என்று மாமன் போட்ட கூச்சலில் ஆசாரி ஊசியோடு பின்வாங்கினார். மேளம்கூட நின்றுவிட்டது. தொலைந்தோம் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"வலிக்குதுங்க!" மாமன் கையை அக்காவிடம் நீட்டினார். "இங்க பாருங்க, பல்லுப் பட்ட எடம், கட்டவெரலுக்குக் கீழ. சுருக்கு சுருக்குனு வலிக்குதுங்க!"

அக்கா நம்பவில்லை. மாமனைக் கண்ணை மூடச் சொல்லி, தன் தலையிலிருந்த ஹேர்ப்பின்னை எடுத்துத் தொட்டார். "தெரியுதா?"

மாமன் மூச்சை அடக்கிக்கொண்டு யோசித்தார். "தெரியுதுங்க. மங்கலாத் தெரியுது."

"இப்ப?"

"இப்ப நீங்க தொடவே இல்லீங்க."

தொடவில்லைதான். அக்காவின் அப்பா ஓடிவந்து தன் டிஷர்ட் ஓரத்தை மாமன் விரல்களுக்கு நடுவே வைத்தார். மாமன் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "நூத்தி அறுவது" என்றார்.

"நூத்தி எம்பது மொதலாளி!"

"கெடக்குது உடுங்க, துணின்னு தெரியுதில்ல!"

கோயிலே சிரித்தது. அத்தை மட்டும் அழுதார். "அந்த மெஷின் மேல போட்ட துணிய எடுத்துத் தொடச்சு வெக்கறனுங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். உதை விழும் என்று காத்திருந்த என்னைத் தூக்கி, வாயில் லட்டைத் திணித்தார். கடித்த வாய்க்கே அம்மா முத்தம் கொடுத்தாள். பெரியவர்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புத்தி பிசகிவிட்டது என்று தோன்றியது. இந்தக் கூத்தில் ஆசாரி என் அடுத்த காதையும் குத்தி முடித்ததை நான் கவனிக்கவே இல்லை.

"இதை நீயே எழுது பிள்ள" என்று அக்கா நோட்டை நீட்டினார். தரையில் உட்கார்ந்து எழுதினேன். 'மாமா இடது கையால் என்னைப் பிடித்தார். நான் கடித்தேன். கத்தினார்.' மார்க்கை நியாயமாக யோசித்தேன். நல்ல பிடிதான். ஆனால் இவ்வளவு பெரிய ஆள் ஒரு கடிக்கு இப்படிக் கத்தலாமா? மூன்றைக் குறைத்துக்கொண்டு இரண்டு போட்டேன்.

மாமன் வாங்கிப் படித்தார். சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. இடது கையால் துடைத்தார், மறுபடியும் கொட்டியது.

மூன்று மார்க் போனதற்கு இத்தனை அழுகையா என்று எனக்குப் பாவமாகப் போய்விட்டது. நோட்டைத் திரும்ப வாங்கி, இரண்டை அடித்து ஐந்தாக்கிக் கொடுத்தேன்.