பறித்த கையோடு: குற்றாலச் சாரலில் ஒரு வெட்டுக்காயப் பூண்டு

ஒரு வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். ஜூலையில் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் போய் வந்தேன். குளிக்கப் போகவில்லை. குளித்தேன் என்பது வேறு.

நான் தாவரவியல்காரன். இருபது வருடங்களுக்கு முன் வெட்டுக்காயப் பூண்டில்தான் ஆய்வு செய்தேன். வேலியோரத்தில் வெள்ளை இதழும் மஞ்சள் நடுவுமாகப் பூக்குமே, அதே செடி. சாறு காயத்தை ஆற்றும் என்று ஊரே சொன்னது. என் சோதனையில் ஒன்றும் தேறவில்லை. என் வழிகாட்டி மூன்று வருடம் இழுத்தடித்துத்தான் பட்டம் கொடுத்தார். அவரை இன்னும் மன்னிக்கவில்லை. போன வருடம் ஓர் ஆய்விதழ் ஒரு கட்டுரையை என் கருத்துக்கு அனுப்பியது. தென்காசிப் பக்கத்துக் கல்லூரி ஆசிரியை எழுதியது. அதே செடி, சீழ் பிடிக்கவைக்கும் கிருமியை அதன் சாறு தடுக்கிறது என்றார். எனக்கு வராதது இவருக்கு எப்படி வரும்? ‘ஏற்கத் தக்கதல்ல’ என்று எழுதிவிட்டேன். கருத்துச் சொல்பவர் பெயரை இதழ் யாருக்கும் சொல்லாது. வசதியான ஏற்பாடு.

பிறகு ஒரு கருத்தரங்கில் காதில் விழுந்தது: கட்டுரை வெளிவராததால் அவரால் முனைவர் பட்ட ஆய்வேட்டைக் கொடுக்க முடியவில்லை, செப்டம்பரோடு பதிவுக் காலம் முடிகிறது. என் தீர்ப்பு சரிதான் என்று நேரில் பார்த்து நிம்மதியடையவே கிளம்பினேன்.

திருநெல்வேலி புதிய பேருந்து நிலையத்தில் காலை 6.20-க்குத் தென்காசிப் பேருந்து. சுமார் 53 கி.மீ. ஆலங்குளத்தில் ஏழு நிமிடம் நின்றது, 8.05-க்கு இறங்கினேன். குற்றாலத்தில் அறை வாடகை 1,800 ரூபாய், சுவரெல்லாம் ஈரம். சீசன் என்றால் விடுதிக்காரர்களுக்கு மனசாட்சி விடுமுறையில் போய்விடும். ஐந்தருவிக்கு ஆட்டோ 250. வழியில் ஓரமாக அந்தச் செடி தெரிய, நிறுத்தச் சொல்லி இறங்கிப் பார்த்தேன்.

ஓட்டுநர் சிரித்தார். “என்ன அண்ணாச்சி, அருவிக்கு வந்துட்டு களையப் பாக்கிய? அருவா பட்டா நாங்க இதத்தான் கசக்கிப் பிழிவோம்.”

“பறித்துக் கொண்டுபோய் வீட்டில் வைத்துக்கொள்ளலாமா?”

“கொண்டு போறதுக்கு இதென்ன அல்வாவா? பறிச்ச கையோட பிழியணும். போட்டு வச்சா வெறும் பச்சத் தண்ணி.”

ஆட்டோக்காரர் எனக்குத் தாவரவியல் சொல்கிறாரே என்று எரிச்சலாக இருந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கல்லூரிக்குப் போனேன். பயணக் கட்டுரை எழுதுபவன், மூலிகை ஆய்வைப் பார்க்க வேண்டும் என்றேன், பாதி உண்மை. ஆசிரியை சபீனாவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். கடையநல்லூர்க்காரர், கணவர் துபாயில். ஆய்வுக்கூடம் ஒரே அறை. அதன் வாசற்படியிலேயே வரிசையாகத் தொட்டிகள். எல்லாவற்றிலும் அந்தச் செடி.

உதவியாளர் பேச்சியம்மாள் இலையைப் பறித்ததும் சபீனா கடிகாரத்தை அழுத்தினார். கழுவி, இடித்து, வடிகட்டி, கிருமி வளர்க்கும் கண்ணாடித் தட்டில் சாறு விழுந்தபோது நான்கு நிமிடம் ஆகியிருந்தது. எந்தத் தட்டில் எந்தச் சாறு என்று பேச்சியம்மாளுக்கு மட்டும்தான் தெரியும்; சபீனா தட்டிலுள்ள எண்ணை மட்டும் பார்த்து, கிருமி வளராத இடத்தை அளப்பார். தோற்ற தட்டுகளும் அதே நோட்டில் இருந்தன. இவ்வளவு நேர்மையான நோட்டை நான் வேலை பார்த்த பெரிய கூடங்களில் பார்த்ததில்லை.

முந்தைய நாள் தட்டுகளைக் காட்டினார். கிருமி பாலாடை போலப் படர்ந்திருக்க, நான்கு நிமிடச் சாற்றைச் சுற்றித் தெளிவான வட்டம். நாற்பது நிமிடச் சாற்றுக்கு மெல்லிய கோடு. இலைப்பொடிக்கு ஒன்றுமில்லை.

“இந்தப் பொடி?”

“அது இருவது வருசத்துக்கு முந்தி ஒருத்தர் செஞ்ச முறை சார். ஒரு அளவுகூட தப்பில்ல, அவ்வளவு சுத்தமான வேல. இங்கன உள்ளவங்க யாரும் இத உலத்தி வைக்க மாட்டாங்கன்னு மட்டும் அவருக்கு யாரும் சொல்லல போல.”

அலமாரியில் என் ஆய்வேட்டின் நகல் இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் பென்சில் குறிப்பு. என் வழிகாட்டிகூட அதை முழுதாகப் படித்ததில்லை.

பேச்சியம்மாள் டீயை நீட்டியபடி, “இவ்வளவு பாடுபட்டதுக்கு ஒருத்தன் மொட்டக் கடுதாசி போட்டான்லா! பேரு போடத் தைரியமில்ல. அவன் கையில அருவா படட்டும், அப்பம் தெரியும்” என்றார்.

“சும்மா இரிங்க அக்கா, வந்தவங்க முன்னாடி!” சபீனா என் பக்கம் திரும்பினார். “அவர் நம்பாததும் நியாயந்தான் சார். நேரத்த நான் அழுத்திச் சொல்லல. ஆனா, திருத்தி அனுப்புன்னு ஒரு வரி எழுதியிருக்கலாம். செப்டம்பருக்குள்ள முடிச்சிருப்பேன்.”

டீயைக் குடித்தேன். விடுதிக்குத் திரும்பினேன்.

பிற்பகல் முழுவதும் அந்த ஈர அறையில் உட்கார்ந்து இதழாசிரியருக்கு எழுதினேன்: என் கருத்து தவறு, பறித்த சில நிமிடத்தில் பிழிந்த சாறு கிருமியைத் தடுப்பதை நேரில் பார்த்தேன், நேரக் கணக்கு இது, கட்டுரையை மீண்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். முழுப் பெயர், பதவியோடு. சபீனாவுக்கும் ஒரு நகல். மறுநாள் காலை 5.45-க்கு ஐந்தருவியில் கூட்டமே இல்லை. தலையில் தண்ணீர் விழுந்த அரை மணி நேரம் எந்த எதிரியும் நினைவுக்கு வரவில்லை. துவட்டிக்கொண்டு கைபேசியைப் பார்த்தால் பதில் வந்திருந்தது. “நன்றி சார். பேச்சியம்மாக்கா அரிவாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். உங்கள் கடிதத்தில் ஒரு பிழை: ஐந்து நிமிடம் அல்ல, நான்கு.”

இதழ் கட்டுரையை மறுபடி கேட்டிருக்கிறது. செப்டம்பருக்குள் வருமா, தெரியாது.

போகிறவர்களுக்கு: சனி, ஞாயிறு வேண்டவே வேண்டாம். அருவிக்கு ஆறு மணிக்குள் போய்விடுங்கள். ஆட்டோவில் ஏறும் முன்பே கூலியைப் பேசுங்கள், ஏறிய பின் அவர் சொல்வதைக் கேளுங்கள். ஆழமான வெட்டு என்றால் இலையைத் தேடாமல் மருத்துவமனைக்குப் போங்கள். நான் பார்த்தது தட்டில், காயத்தில் அல்ல.

பெயர் போட வேண்டிய இடத்தில் போட்டுவிட்டேன். இங்கேயும் போட்டால் படிப்பவர்கள் அந்த நான்கு நிமிடத்தை விட்டுவிட்டு என் பெருந்தன்மையைப் பற்றிப் பேசுவார்கள். என் பழைய வழிகாட்டியும் படிப்பார். அவருக்கு அந்தச் சந்தோஷத்தைக் கொடுக்கமாட்டேன். ஆகவே பெயரில்லாமலே பதிவேற்றுகிறேன். பேச்சியம்மாள் இதையும் மொட்டைக் கடுதாசி என்பார். சொல்லட்டும்.