பத்து எண்களுக்கு அடியில் நீல வெளிச்சம்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு இரும்புக்கம்பி ஆலையின் எடைமேடை அறையில் எனக்கு வேலை. லாரி மேடையில் ஏறும். வண்டி எண்ணையும் எடையையும் கம்ப்யூட்டரில் தட்டிச் சீட்டு அடித்துக் கொடுப்பேன். பொழுது சாய்ந்ததும் டியூப்லைட்டை அணைத்துவிடுவது வழக்கம். எரிந்தால் சன்னல் கண்ணாடி முழுக்க என் மூஞ்சிதான் தெரியும், வெளியே நிற்கும் வண்டியின் எண் தெரியாது. என் மூஞ்சியை எடைபோட யாரும் வரிசையில் நிற்பதில்லை.

அந்த இருட்டு எனக்கு ஒரு வருடம் சாக்காக உதவியது. நாற்பத்து நான்கு வயதில் கீபோர்டின் எண்கள் எனக்குக் கலங்கத் தொடங்கியிருந்தன. மூன்றா எட்டா என்று குனிந்து பார்த்தாலும் தெரியாது. எல்லாம் இருட்டுப்பா, இருட்டு என்று சொல்லிக்கொள்வேன். பகலில் ஏன் தெரியவில்லை என்று என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டால் பதில் சொல்லவேண்டி வருமே.

கண்ணாடி போட்டுக்கொள்வதில் என்ன கஷ்டம் என்பீர்கள். எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் சோடாபுட்டிக் கண்ணாடி போட்டவர். சீட்டுகளில் தப்பு வந்தது. அவரைப் பழைய இரும்பு கொட்டும் யார்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வெயிலில் துருவை எண்ணிக்கொண்டு நின்றவரை நான் தினமும் சன்னல் வழியாகப் பார்த்தேன். காரணம் கண்ணாடிதான் என்று தீர்ப்பும் நானே எழுதிக்கொண்டேன்.

பிறகு நானே ஒரு மூன்றை எட்டாக அடித்தேன். சூளூர்பேட்டைப் பக்கத்து டிரைவர் ஒருவர், சீட்டில் ஒரு எண்ணும் வண்டியில் ஒரு எண்ணுமாக, ஆந்திர எல்லை செக்போஸ்டில் அரைநாள் காய்ந்தார். அவர் திரும்பி வந்து முறையிட, சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டபோது வாய் தானாகச் சொல்லிவிட்டது: "நம்பர் பிளேட்டுல ஒரே சேறு சார்." அந்த மாதம் மழையே கிடையாது. ஆனாலும் சூப்பர்வைசர் டிரைவரைத்தான் பிடித்தார். "பிளேட்ட தொடச்சிகினு வா நைனா, எத்தினி வாட்டி சொல்றது?"

டிரைவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வண்டியில் ஏறிப் போய்விட்டார். திட்டியிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன்.

இனி தப்பு வரக்கூடாது, கண்ணாடியும் கூடாது. எனக்குக் கிடைத்த வழி எண்களுக்கு அடியில் விளக்கு. எங்கள் கீபோர்டு பழைய கனத்த ஜாதி. ஒவ்வொரு கட்டைக்கும் தனித்தனி ஸ்விட்ச், தட்டினால் டக்கென்று சத்தம் வரும், காலில் விழுந்தால் ஊசி போடவேண்டும். கழற்றிப் பார்த்தால் ஸ்விட்சின் தலையில் சின்ன எல்இடி உட்காரும் அளவு ஓட்டை இருந்தது. நீல எல்இடி அப்போது புதுசு. ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிச் சென்னை ரிச்சி தெரு எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் பத்து வாங்கிவந்தேன்.

யார்டில் கிரேன் ரிப்பேர், மதியம் லாரி வராது என்று ஒரு நாள் அமைந்தது. எலெக்ட்ரிக்கல் பிரிவில் ஈயம் உருக்கி ஒட்டும் சால்டரிங் இரும்பைக் கேட்டு வாங்கி உட்கார்ந்தேன். எல்இடிக்கு இரண்டு கால், நீளக்கால்தான் பாசிட்டிவ். பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று பத்தின் கால்களையும் முதலிலேயே ஒரே அளவாக நறுக்கிவிட்டேன். அப்புறம் எது நீளக்கால்? குருட்டாம்போக்கில் வைத்து பேட்டரி கொடுத்துப் பார்த்ததில் நாலு எரிந்தது, ஆறு எரியவில்லை. எரியாததைப் பிடுங்கித் திருப்பி, மறுபடி ஈயத்தை உருக்கி வைத்தேன். கடைசி எல்இடியும் எரிந்த அதே நொடியில் வெளியே ஹாரன்.

லாரி மேடையில் ஏறி நின்றிருந்தது. சன்னலில் அந்த டிரைவர்.

கீபோர்டை நிமிர்த்திச் சொருகி, கம்ப்யூட்டரை மறுபடி கிளப்பினேன். நாலைத் தட்டினேன். நாற்பத்தேழு என்று வந்தது. ஏழைத் தட்டினேன். அதற்கும் நாற்பத்தேழு. ஸ்க்ரூக்களைப் பத்திரமாக இருக்கட்டும் என்று வாயில் வைத்திருந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது, ஒன்று குறைந்தது. முழுங்கிவிட்டேனா என்று தொண்டையைத் தடவிப் பார்த்தேன். அது மடியில் கிடந்தது. கீபோர்டை மறுபடி கழற்றி மூக்கு உரசக் குனிந்தேன்.

"இன்னா நைனா, பொட்டிக்கு முத்தம் குட்துகினு கீறியா?" என்றார் டிரைவர்.

"எங்கியோ ஈயம் ஒட்டிகினு கீது. தெரியல."

"எங்க தெரியும்? மூக்குல ஒண்ணுமே இல்லியே." சன்னல் ஓட்டை வழியாகத் தன் கண்ணாடியை நீட்டினார். கவரைப்பேட்டை ஸ்டேஷன் வாசலில் துணி விரித்து விற்பானே, அந்த ரகம். "போடு. எனக்கும் நாப்பத்தஞ்சி ஆவுது. இதுல இன்னா வெக்கம்?"

போட்டேன். போர்டைத் திருப்பிப் பார்த்தேன். நான் வைத்த ஈயமெல்லாம் காக்கா எச்சம்போல் தெறித்துக் கிடந்தது. நாலுக்கும் ஏழுக்கும் நடுவே ஒரு பாலம். அதைச் சூட்டில் வழித்து எடுத்துவிட்டு நிமிர்த்தி வைத்தேன். நீல வெளிச்சம் கட்டைகளின் இடுக்குகளில்தான் வழிந்தது. எண் எழுதிய மேல்பாகம் கெட்டி பிளாஸ்டிக், அதில் ஒரு துளியும் ஏறவில்லை. இத்தனை பாடும் சந்துக்கு விளக்கு போடத்தான். ஆனால் எண்கள் தெரிந்தன. மூன்று மூன்றாக, எட்டு எட்டாக, கண்ணாடி வழியாக, வெறும் பகல் வெளிச்சத்தில். வண்டி எண்ணை அடித்தேன். டிரைவர் சீட்டை வாங்கிக் கைநீட்டி எட்டப் பிடித்து, லாரியைப் பார்த்து, மறுபடி சீட்டைப் பார்த்தார். ஒரு தடவை ஏமாந்தவர் பார்க்கும் பார்வை.

ஹாரன் கேட்டு சூப்பர்வைசர் வந்துவிட்டார். கீபோர்டின் நீலத்தையும் என் மூக்கையும் மாறிமாறிப் பார்த்தார். "இன்னாய்யா இது, கோயில் சீரியல் செட்டு?"

ஒரு ஜோக் அடித்துத் தப்பியிருக்கலாம். எனக்கு அது கைவந்த கலை. டிரைவர் அங்கேயே நின்றதால் முடியவில்லை.

"சார், அன்னிக்கி பிளேட்டுல சேறு இல்ல. எனக்குத்தான் கீபோர்டுல நம்பர் தெரியல. ஒரு வருசமாவே தெரியல."

அவர் சன்னல் வழியாக யார்டைப் பார்த்தார். யார்டு வெயில் எனக்கு அப்போதே உச்சியில் அடித்தது.

"முன்னாடி இருந்தவர எதுக்கு அனுப்பிச்சேன்னு நெனைக்கிற?"

"கண்ணாடி..."

"கண்ணாடியா? தப்பு சீட்டையெல்லாம் டிரைவருங்க தலையில கட்னாருய்யா. நீயும் அதையேதான் பண்ணிக்கீற." டிரைவர் பக்கம் கையைக் காட்டினார். "எங்கிட்ட சொல்லி இன்னா பிரயோஜனம்? அவருகிட்ட சொல்லு."

சொன்னேன். சொல்வதற்குள் மூன்று தடவை தடுமாறினேன், வாயில் ஸ்க்ரூ எதுவும் இல்லாமலே.

டிரைவர் கடைசிவரை கேட்டார். சன்னலுக்குள் கையை நீட்டினார்.

"சரி, கண்ணாடிய கழட்டு. செக்போஸ்ட்ல நான் காயிதம் படிக்கணும்."