எங்கள் கிணற்று விரால்

நான் நான்காம் வகுப்பு முடிக்கும்வரை எங்கள் ஏரியில் மீன் பிடிக்க ஒரு சட்டமும் இருந்ததில்லை. கோடையில் தண்ணீர் வற்றி முழங்கால் சேறானதும் ஊரே கூடையும் கொசுவலையுமாக இறங்கும். யாருக்கு எது அகப்பட்டதோ அது அவர்களுக்கு. சிங்கவரத்திலிருந்து சைக்கிளில் வருகிறவர்கள்கூட ஒரு பை மீனோடுதான் திரும்புவார்கள். யாரும் யாரையும் கேட்டதில்லை.

அந்தக் கோடையில் ஜீப்பில் மீன்வளத் துறை அதிகாரி ஒருவர் வந்தார். மழைக்குப் பிறகு ஏரியில் கட்லா, ரோகு குஞ்சுகளை விடப்போவதாகவும், அதைப் பார்த்துக்கொள்ள ஊரில் ஒரு குழு வேண்டுமென்றும் சொன்னார். யார் தலைவராக இருக்கிறீர்கள் என்று கேட்டபோது எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். நான் நைனா என்று கூப்பிடும் என் அப்பா மட்டும் அதிகாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படித்தான் அவர் ஏரித் தலைவரானார்.

நைனாவுக்குச் சட்டமென்றால் உயிர். பஸ்ஸில் 'கையை வெளியே நீட்டாதீர்' என்று எழுதியிருந்தால் ஜன்னலோரத்தில் உட்காரவே மாட்டார். தலைவரான மறுநாளே செஞ்சிக்குப் போய் ஒரு விசில் வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். அதிகாரி அனுப்பும் நோட்டீசுகளை ரேஷன் கடைச் சுவரில் தன் கையாலேயே ஒட்டினார். முதல் நோட்டீஸில் வலை கூடாது, தூண்டில் போடலாம் என்றிருந்தது. அடுத்ததில் தூண்டிலும் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அதற்கடுத்ததில் பங்குனிவரை எதுவுமே கூடாது. ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டி அந்த இடத்தில் சுவரே புடைத்துவிட்டது. இந்த வாரம் என்ன சட்டம் என்பது ஊரில் ஒருவருக்கும் தெரியாது, நைனாவைத் தவிர.

சட்டங்களிலேயே பெரிய சட்டம் விராலைப் பற்றியது. ஏரியில் ஒரு விரால் இருந்தாலும் குஞ்சுகளைத் தின்று தீர்த்துவிடும், ஆகவே குஞ்சு விடுவதற்கு முன்னால் விரால் பூண்டே இருக்கக் கூடாது என்று அதிகாரி சொல்லியிருந்தார். அதில் ஊருக்குப் பரம சந்தோஷம். நாலு நாள் எல்லா வீட்டிலும் விரால் குழம்புதான்.

அதோடு நைனா நிறுத்தியிருக்கலாம். எங்கள் பக்கத்தில் வீட்டுக் கிணற்றில் விரால் விடுவது வழக்கம். பூச்சி புழுவைத் தின்று தண்ணீரைச் சுத்தமாக வைத்திருக்கும் என்பார்கள். அதிகாரி கிணறுகளைப் பற்றி மூச்சு விடவில்லை. நைனாதான், அடைமழையில் கிணறு நிரம்பினால் விரால் ஈரத்தரையில் ஊர்ந்தே ஏரிக்குப் போய்விடும் என்று சொல்லி, வீடு வீடாகப் போய்க் கிணறுகளை எட்டிப் பார்த்து எல்லாவற்றையும் பிடிக்க வைத்தார். பிறகு, ஏரியிலும் கிணறுகளிலும் விரால் ஒன்றுகூட இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

ஒன்று இருந்தது. என் மாமா, அம்மாவின் தம்பி, சேற்றில் பிடித்த விரல் நீள விரால் ஒன்றைச் சொம்பில் போட்டு எனக்குக் கொடுத்திருந்தார். எங்கே வளர்ப்பது என்று நான் விழித்தேன்.

"உங்க வூட்டுக் கெணத்துலயே வுடு பாப்பா. உங்க நைனா ஊர்க் கெணறெல்லாம் பாப்பாரு. சொந்தக் கெணத்த எட்டிப் பாக்க அவருக்கு ஏது நேரம்?"

மாமா சொன்னது சரியாகத்தான் இருந்தது. நைனா வீட்டிலேயே இருப்பதில்லை. விடிந்ததும் மொபெட்டை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனால் இருட்டும் நேரத்தில்தான் வருவார். மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலைக் கொல்லையில் அம்மா தனியாகக் களை எடுத்தாள். ஐப்பசியில் பிடுங்க வேண்டிய செடியைப் பிடுங்க ஆள் வைக்கச் சொல்லி நாலு தடவை கேட்டாள். குஞ்சு விடுகிற வாரத்தில் இதெல்லாம் ஒரு பேச்சா என்று நைனா போய்விட்டார். லாரியில் பாலித்தீன் பைகளில் வந்த குஞ்சுகளை அவர் ஏரியில் விட்டுக்கொண்டிருந்த அதே நாட்களில், மழையில் நனைந்து பாதி மல்லாட்டை மண்ணுக்குள்ளேயே முளைத்துப்போயிற்று. அம்மா ஒரு கைப்பிடி முளைத்த கொட்டைகளைக் கொண்டுவந்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். நைனா அதைத் தள்ளி வைத்துவிட்டுச் சாப்பிட்டார்.

எனக்கு அதிலெல்லாம் கவனமில்லை. என் விரால் வளர்ந்துகொண்டிருந்தது. மூச்சு வாங்க அடிக்கடி மேலே வந்து வாயைத் திறக்கும். பள்ளி விட்டு வந்ததும் ஒரு பிடி சோறோ மண்புழுவோ போடுவேன். அதன்மேல் எனக்குக் கொள்ளை ஆசை. அதை வளர்ப்பதைவிட, நைனாவுக்குத் தெரியாமல் வளர்ப்பதில் கொஞ்சம் கூடுதல் ஆசை என்றும் சொல்ல வேண்டும்.

கார்த்திகையில் ஒரு வாரம் அடைமழை. கிணற்றுத் தண்ணீர் கைக்கெட்டும் உயரத்துக்கு வந்துவிட்டது. மழையென்று பள்ளியைப் பாதியில் விட்ட ஒரு நாள், மீன் குழம்புச் சோற்றைத் தின்றுவிட்டு வழக்கம்போல ஒரு பிடி எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனேன். சோறு மிதந்தது. விரால் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. கிணற்றைச் சுற்றிலும் ஒரே ஈரம். நைனா சொன்னது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது.

அன்றிலிருந்து ஏரியைப் பார்க்கும்போதெல்லாம், லாரி நிறைய வந்த குஞ்சுகளை என் விரால் ஒன்றொன்றாகத் தின்றுகொண்டிருப்பதாக நினைத்துக்கொள்வேன். சிங்கவரம் பெருமாளிடம், அதற்குப் பசியே எடுக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். அது செத்துப்போகட்டும் என்று மட்டும் வேண்ட மனம் வரவில்லை.

பங்குனியில் வலை இறங்கியது. ஊரே கரையில் நின்றது. எதிர்பார்த்ததில் கால்வாசிகூட வரவில்லை. வந்த கட்லாவும் சின்னதாக இருந்தது. மூன்றாவது இழுப்பில், வலையின் அடியில், ஒரு முழ நீளத்தில் கறுப்பாக ஒன்று துள்ளியது. விரால். வலை இழுத்தவர்களில் ஒருவர் அதைத் தூக்கிக் காட்டினார்.

"தலைவரே, ஒண்ணுகூட இல்லன்னு கையெழுத்துப் போட்டீங்க. அப்ப இது இன்னா, வெண்டைக்காயா?"

எல்லாரும் சிரித்தார்கள். நைனா சிரிக்கவில்லை. நான் அந்த விராலைப் பார்த்தேன். அதுவும் என்னைப் பார்த்தது. என்னுடையதுதான், சந்தேகமே இல்லை என்று தோன்றிவிட்டது.

மறுநாள் காலையில் ரேஷன் கடை முன்னால் கூட்டம் என்றார்கள். நைனா சட்டை போட்டுக்கொண்டிருந்தபோது நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் பட்டனைப் போட்டு முடித்து, விசிலை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நானும் பின்னாலேயே போனேன்.

அன்றைக்குச் சர்க்கரை போடுகிற நாள். அம்மா பையோடு வரிசையில் நின்றிருந்தாள். நைனா நோட்டீஸ் சுவரின் பக்கத்தில் நின்று, யாரும் கேட்பதற்கு முன்பே பேசினார்.

"எங்க வூட்டுக் கெணத்துல ஒண்ணு இருந்திருக்குது. என் பொண்ணு வளத்துருக்குது. மழையில ஏரிக்குப் பூட்டுது. எனக்குத் தெரியல. தெரியாம இருந்ததும் என் தப்புதான். வேற ஆளப் போட்டுக்குங்க."

கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி, பக்கத்தில் நின்றவர் கையில் கொடுத்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் எதையோ சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். பையை மறுகைக்கு மாற்றிக்கொண்டு வரிசையில் ஒரு அடி முன்னால் நகர்ந்தாள். என்னால் அவளுக்கு ஊர் முன்னால் இவ்வளவு அவமானமா என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டேன்.

அடுத்த நாளே நைனா எங்களோடு கொல்லைக்கு வந்தார். இரண்டாம் போகத்து மல்லாட்டை பிடுங்குகிற சமயம். நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் பிடுங்கினார், ஆனால் பிடுங்கினார். அம்மா அந்த வாரம் வாய் ஓயாமல் பேசினாள். நைனாவைத் தேற்றத்தான் பேசுகிறாள், எவ்வளவு நல்லவள் என்று நினைத்தேன்.

இப்போது சட்டம் மறுபடியும் மாறியிருக்கிறது. விராலுக்கு நல்ல கிராக்கி என்று, அதிகாரிகளே விரால் குஞ்சுகளைக் கொண்டுவந்து ஏரியில் விடுகிறார்கள். அனுமதியில்லாமல் விராலைப் பிடித்தால்தான் குற்றம். போன மாதம் என் மகளோடு ஊருக்குப் போயிருந்தபோது, முறைப்படி பிடித்து விற்ற விரால் ஒன்றை நைனா வாங்கி வந்தார். அம்மா பின்பக்கம் சாம்பல் போட்டு அதைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, என் ஒரு விராலால் நைனாவின் பதவியே போயிற்றே, இன்னமும் விராலைப் பார்த்தால் சங்கடமாக இருக்கிறது என்றேன்.

அம்மா தேய்ப்பதை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். உள்ளே நைனா என் மகளுக்கு, தான் ஊர் முன்னால் உண்மையை ஒத்துக்கொண்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"உன் விரால் எங்கடி ஏரிக்குப் போச்சி? தண்ணி மேல வந்த அன்னிக்கே சோறு வடிக்கிற அன்னக்கூடையில மொண்டு கொழம்பு வெச்சிட்டனே. யாரு வுட்ட மீனோன்னு நெனச்சேன்."

அப்படியானால் அன்றைக்கு ரேஷன் கடையில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லத்தான் வாயத் தொறந்தேன். சொல்லியிருந்தா அந்த மனுசன் இன்னிக்கும் ஏரிக்கரையிலதான் விசிலு ஊதிக்கினு இருப்பாரு. கொல்லைக்கு யாரு வர்றது?" என்றவள், மீனைத் திருப்பிப் போட்டாள். "நீ வேற உங்க நைனாகிட்ட ஒளறி வெக்காத. அதச் சொல்லிச் சொல்லித்தான் அவரு சந்தோசமா இருக்குறாரு."

குழம்பு கொதிக்கும்போது அம்மா இன்னொன்றையும் நினைவுபடுத்தினாள். அந்த மழை நாளில் நான் இரண்டு துண்டு தின்றது போதாமல், தலையும் எனக்குத்தான் வேண்டுமென்று அடம்பிடித்து வாங்கித் தின்றுவிட்டுத்தான், கையில் சோற்றை எடுத்துக்கொண்டு கிணற்றுக்கு ஓடினேனாம்.