போர்மேன் வீட்டு நடுச்சுவர்

உள்சுவருக்கு ஒரே பூச்சு போதுமா, இரண்டு பூச்சு வேண்டுமா என்று கேட்பதாக இருந்தால் தயவுசெய்து என்னிடம் கேட்காதீர்கள். நான் சிவகாசியில் சிமெண்ட் கடை வைத்திருப்பவன். இரண்டு என்றுதான் சொல்வேன். கொஞ்சம் இளிச்சவாயனாக ஆள் கிடைத்தால் மூன்று என்றும் சொல்வேன். முகம்மது நூகு வியாபாரம் பேசும்போது நம்பாதீர்கள் என்று என் வீட்டுக்காரி குல்சாரே நாலு பேர் மத்தியில் சொல்லியிருக்கிறாள். ஆனால் விஸ்வநத்தத்தில் பெத்தணன் அண்ணாச்சி வீட்டுக்குப் பூச்சுவேலை நடந்ததைப் பார்த்த பிறகு, இந்தக் கேள்விக்கு எனக்கே ஒழுங்கான பதில் தெரியாமல் போய்விட்டது.

பெத்தணன் பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு யூனிட்டில் மீசை முளைத்த காலத்திலிருந்து வேலை. கம்பெனி வேறு, உலகம் வேறு என்ற பிரிவினையே அவருக்குக் கிடையாது. மருந்து அறையில் என்னென்ன சட்டமோ, அதெல்லாம் டீக்கடைக்கும் உண்டு, கல்யாண மண்டபத்துக்கும் உண்டு. பந்தியில் உட்காருமுன் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று பார்ப்பார். உள்பக்கம் திறக்கிற கதவாக இருந்தால் சாப்பிடாமல் மொய் மட்டும் எழுதிவிட்டு வந்துவிடுவார். பஸ்ஸில் நைலான் சேலை கட்டிய பெண் பக்கத்தில் வந்து நின்றால், தீப்பொறிக்குப் பயந்து அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவார். அந்தப் பெண்கள் அவரை ரொம்ப மரியாதை தெரிந்த மனிதர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அவருடைய சட்டங்களுக்கெல்லாம் தலையான சட்டம் ஒன்று உண்டு. வைத்ததைத் திரும்பத் தொடக்கூடாது. குழாயில் மருந்தை அடைத்தாயா, அத்தோடு சரி. இன்னும் கொஞ்சம் தட்டிவிடுவோம் என்று கை போகக்கூடாது. இது எங்கிருந்து வந்தது என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. வாலிப வயதில் அவரும் அவருடைய மச்சினன் இராமகிருஷ்ணனும் ஒரே அறையில் வேலை பார்த்தார்கள். ஒருநாள் பெத்தணன் தண்ணீர் குடிக்க வெளியே வந்தார். அடைத்து முடித்த குழாயை இராமகிருஷ்ணன் இன்னொரு தடவை தட்டுகிற சத்தம் அவர் காதில் விழுந்தது. உள்ளே அவன் தனியாகத்தான் இருந்தான். அதற்குமேல் சொல்ல ஒன்றும் இல்லை.

அன்றிலிருந்து பெத்தணன் எதையும் இரண்டாம் தடவை தொடமாட்டார். அவர் சுட்டால் தோசை ஒரு பக்கம்தான் வேகும். சவரம் செய்தால் ஒரே இழுப்பு, விட்ட முடி விட்டதுதான். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுவிட்டால் அன்று பொழுது சாயும்வரை கோணலாகவே திரிவார். ஊரில் பாதிப் பேர் சிரிப்பார்கள். நானும்தான் சிரித்தேன், மறைப்பானேன்.

அவருடைய மனைவி பத்திரகாளி அக்கா, இராமகிருஷ்ணனின் கூடப்பிறந்தவர். வீட்டில் உட்கார்ந்து வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றுவது அவருக்கு வேலை. விடிந்ததிலிருந்து குனிந்தபடியே சுற்ற வேண்டும். அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டில் பூசாத செங்கல் சுவர். சற்று முதுகைச் சாய்த்தால் ரவிக்கை நைந்துபோகும், தோலும் சேர்ந்து போகும். சொந்த வீடு கட்டப்போவதாகப் பெத்தணன் சொன்னபோது அக்கா நகை கேட்கவில்லை, கிரைண்டர் கேட்கவில்லை. முதுகு சாய ஒரு சுவர் வேண்டும் என்றுதான் கேட்டார்.

பெத்தணன் வீடு கட்டினார். எப்படிக் கட்டுவார்? ஒவ்வொரு அறைக்கும் எதிரெதிராக இரண்டு வாசல், எல்லாக் கதவும் வெளிப்பக்கம் திறக்கும். அக்கா வந்து சுற்றிப் பார்த்தார். எந்தச் சுவரில் சாய்ந்தாலும் வாசலுக்குள் மல்லாக்க விழ வேண்டியதுதான். எனக்கு ஒரு சுவராவது மிச்சம் வையுங்கள் என்று அவர் பிடிவாதம் பிடிக்கவே, நடுச்சுவரில் இருந்த வாசலை மட்டும் அரைமனதாக அடைத்தார்கள். அடைத்த கல் மிச்சக் கல், சின்ன அளவு. அந்த இடம் மட்டும் சுற்றியுள்ள சுவரைவிட இரண்டு விரல் உள்வாங்கி நின்றது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

பூச்சுவேலைக்குக் காரியாபட்டியிலிருந்து தங்கப்பாண்டியன் என்ற கொத்தனார் வந்தார். நல்ல வேலைக்காரர், மூக்கு நுனியில் கோபம். பட்டாசு ஊர் பழக்கமில்லாத மனிதர். அவர் வந்தபோதே வாசலில் ஒரு செம்புத் தகடு பதித்திருந்தது. மருந்து அறையில் மாதிரி, உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்க அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்றார் பெத்தணன். இந்த அறையில் நான்கு பேருக்கு மேல் கூடாது என்று நிலைக்கு மேலே போர்டு தொங்கியது. இரும்பு உரசினால் பொறி பறக்கும் என்று கொத்தனாரின் கரண்டியை வாங்கி வெளியே வேப்பமரத்தில் மாட்டிவிட்டு, தாமே பித்தளைத் தகட்டில் வெட்டிச் செய்த கரண்டி ஒன்றைக் கையில் கொடுத்தார். அது சாந்தை அள்ளும்போதெல்லாம் வெற்றிலை மாதிரி மடங்கியது.

"இங்கன என்ன அண்ணாச்சி வெடிக்கப்போகுது?" என்று தங்கப்பாண்டியன் கேட்டார்.

"வெடிக்கிறதுக்கு முந்தி எல்லாரும் இதத்தான் கேக்காக" என்றார் பெத்தணன்.

வேடிக்கை என்னவென்றால், அவருடைய சட்டங்களில் பாதி பூச்சுவேலைக்குப் பொருந்திவந்தது. குழைத்த கலவையை மிச்சம் வைக்கக்கூடாது என்றார். சிமெண்டுக்கும் அதுதான் நல்லது. வேலைக்கு முன் சுவரையும் தரையையும் நனைக்கச் சொன்னார், அதுவும் சரி. வெயில் ஏறினால் வேலையை நிறுத்தினார். சுவர் வெடிப்பில்லாமல் காய்ந்தது. சுவரில் அங்கங்கே புள்ளி வைத்து மட்டம் பார்த்து, ஒரே பூச்சாகப் பூசி, மணியாசுக் கட்டையால் தேய்த்துவிட்டார் கொத்தனார். தேய்ப்பதும் திரும்பத் தொடுவதுதானே என்று பெத்தணனுக்கு ஒரு சந்தேகம் வந்தது. கை எடுக்கும்வரை ஒரே தடவைதான் என்று நான் சமாதானம் சொல்லிவைத்தேன். மற்றச் சுவர்கள் எல்லாம் ஒரே பூச்சில் கண்ணாடியாக வந்தன. என் மூட்டைகள் லாரியிலேயே கிடந்தன. எனக்கு வயிறு எரிந்தது.

நடுச்சுவருக்கு வந்தபோது தங்கப்பாண்டியன் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். அந்தப் பள்ளத்தில் முதலில் ஒரு பூச்சு அடித்து, கீறிவிட்டு, அது இறுகிய பிறகுதான் மேல்பூச்சு போடவேண்டும், மொத்தமாக அப்பினால் நிற்காது என்று சொல்லிப் பார்த்தார். பெத்தணன் மசியவில்லை. வைத்ததைத் திரும்பத் தொடுகிற பேச்சே கூடாது என்றார். அன்று பாக்கி லோடு இறக்க நானும் போயிருந்தேன். கொத்தனார் பல்லைக் கடித்துக்கொண்டு பள்ளத்தில் சாந்தை அப்பினார். கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மெதுவாக வயிறு தள்ள ஆரம்பித்தது.

பெத்தணன் அதைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துப்போனது. கம்பெனிக் குரலில், "எல்லாரும் வெளிய" என்றார்.

விஸ்வநத்தத்தில் ஒரு போர்மேன் அந்தக் குரலில் அப்படிச் சொன்னால், எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. வீட்டிலிருந்து ஆட்கள் ஓடினார்கள். அவர்கள் ஓடுவதைப் பார்த்துத் தெரு ஓடியது. டீ மாஸ்டர் கேஸை அணைத்துவிட்டு ஓடினார். பாதிச் சவரத்தில் ஒருவர் முகம் நிறைய நுரையோடு ஓடினார். லாரி டிரைவர் லாரியை விட்டுவிட்டு ஓடினான். லோடுமேன் மட்டும் முதுகில் இருந்த மூட்டையைப் போட மறந்து அதோடு ஓடினான். நான் உள்ளே இருந்தவன், என்ன நடக்கிறது என்று முழுக்கத் தெரிந்தவன். விழப்போவது நான் விற்ற சிமெண்ட்தான் என்பதும் தெரியும். ஆனாலும் எல்லாரையும் முந்திக்கொண்டு ஓடினேன். கருவேலங்காட்டு ஓரத்தில் போய் ஊரே காதைப் பொத்திக்கொண்டு குந்தியிருந்தது.

ஓடாதவர் ஒரே ஒருவர். தங்கப்பாண்டியன். காரியாபட்டிக்காரருக்கு ஓடவேண்டும் என்று தெரியவில்லை. சரிகிற சாந்தை இரண்டு கையாலும் நெஞ்சாலும் தாங்கிக்கொண்டு, யாராவது ஒரு பலகை கொடுங்கள் என்று கத்திக்கொண்டிருந்தார். வெளியே தலைகளை எண்ணிப் பார்த்த பெத்தணன் ஒரு தலை குறைவதைக் கண்டு திரும்ப உள்ளே ஓடினார்.

அந்த நேரம்தான் வாடகை வீட்டிலிருந்து பத்திரகாளி அக்கா ஓடிவந்தார். கையில் சுற்றிய குழாய் அப்படியே இருந்தது. கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். புருஷன் முகம் மட்டும் இல்லை. அக்கா கத்தவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை நாள் சிரித்தவன் நான், காதைப் பொத்தியிருந்த கையை எடுத்துவிட்டேன்.

தொப்பென்று ஒரு சத்தம் கேட்டது. அவ்வளவுதான். பிறகு பெத்தணன் கொத்தனாரின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். இரண்டு பேரும் தலையிலிருந்து கால்வரை சாந்து.

"சாந்துதான்யா விளுந்துச்சு" என்றார் தங்கப்பாண்டியன், ஊரைப் பார்த்து. யாரும் சிரிக்கவில்லை. அக்கா எழுந்து வந்து முந்தானையால் புருஷன் முகத்தைத் துடைத்தார்.

மறுநாள் கொத்தனார் பள்ளத்தில் மெல்லிசாக ஒரு பூச்சு அடித்துக் கீறிவிட்டார். விழுந்தது விழுந்துவிட்டதால் இதுதான் முதல் பூச்சு என்று பெத்தணன் ஒப்புக்கொண்டார். ஆனால் அதோடு சரி, அதன்மேல் எந்த மனிதனையும் கை வைக்க விடமாட்டேன் என்றார். சுவர் தேங்காய்த் துருவி மாதிரி சொரசொரவென்று நின்றது. சரியாக அக்கா முதுகு படுகிற உயரம். அக்கா அதைத் தடவிப் பார்த்தார். பால் காய்ச்ச நான் வரமாட்டேன், இந்த வீட்டில் நீங்களே இருந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வாடகை வீட்டுக்குப் போய்விட்டார். சும்மா சொல்கிற ஆள் இல்லை அக்கா.

பூச்சு இறுகிய பிறகு பெத்தணன் எங்களையெல்லாம் கூப்பிட்டு, தானே மேல்பூச்சு பூசப்போவதாகவும், எல்லாரும் கருவேலங்காட்டுக்குப் போய்விட வேண்டும் என்றும் சொன்னார். அவர் விளையாடவில்லை. வீட்டுப் பத்திரத்தையும் கைக்கடிகாரத்தையும் என்னிடம் கொடுத்து, அக்காவிடம் சேர்த்துவிடச் சொன்னார். சிமெண்டும் மணலும் வெடிக்காது என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் எல்லாக் கதவையும் திறந்துவைத்துவிட்டு வந்தார்.

செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போனார். கருவேலங்காட்டுக்குப் போகாமல் நான் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டேன், ஒரு காலை ஓடத் தயாராக வைத்துக்கொண்டு. அப்போது அக்கா வந்தார். அவரும் தகட்டைத் தொட்டார், உள்ளே போனார்.

"நீ வெளிய போ" என்றார் பெத்தணன்.

"ரூமுக்கு நாலு பேரு இருக்கலாம்னு நீங்கதான போர்டு எளுதி மாட்டிருக்கீக. நாம ரெண்டு பேருதான."

"இது ரெண்டாம் தடவ தொடுறது. இதுக்குச் சட்டம் வேற."

அக்கா சாந்துச் சட்டியில் கையை விட்டு அள்ளினார். "அன்னைக்கு எந்தம்பி தனியா இருந்தான்" என்றார். "நீங்க தனியா இருக்க வேண்டாம்."

பெத்தணன் கண்ணைத் துடைக்கப் போய் முகமெல்லாம் சாந்தாக்கிக்கொண்டார். பிறகு இரண்டு பேரும் பூச ஆரம்பித்தார்கள். அண்ணாச்சிக்கு வெடி தெரியும், அக்காவுக்குக் குழாய் சுற்றத் தெரியும், பூசத் தெரிந்தவர் கருவேலங்காட்டில் நின்று தலையில் அடித்துக்கொண்டிருந்தார். கட்டையை வட்டமாகச் சுற்றச் சொல்லுங்கள் என்று அவர் அங்கிருந்து கத்துவார், நான் ஜன்னல் வழியாகச் சொல்வேன், அதற்குள் அவர்கள் குறுக்காக இழுத்திருப்பார்கள்.

பால் காய்ச்சுகிற அன்று தங்கப்பாண்டியன் மட்டப்பலகையை எடுத்துவந்து சுவர் சுவராக வைத்துப் பார்த்தார். ஒரே பூச்சில் முடித்த சுவர்களில் பலகைக்கும் சுவருக்கும் நடுவே காகிதம்கூட நுழையவில்லை. வீட்டிலேயே இரண்டு பூச்சு வாங்கிய சுவர் அந்த நடுச்சுவர் ஒன்றுதான். அது எருமை முதுகு மாதிரி மேடும் பள்ளமுமாக இருந்தது, விரல் தடங்கள்கூட அப்படியே தெரிந்தன. இதை நான் பூசியதாக வெளியில் சொல்லிவிடாதீர்கள் என்று என் காதில் சொல்லிவிட்டுக் கொத்தனார் சாப்பிடப் போனார்.

அக்கா நடுச்சுவரடியில் உட்கார்ந்து, மெதுவாக முதுகைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டார். பெத்தணன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொரசொரப்பா இருக்கோ?" என்று கேட்டார்.

"இருக்கு" என்றார் அக்கா. முதுகை எடுக்கவில்லை.

பெத்தணன், "இன்னொரு தடவ பூசிருவமா?" என்று கேட்டார்.

லாரியில் மூட்டை இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

"வேண்டாம்" என்றார் அக்கா. "இங்கன வந்து உக்காருங்க."