ஒரு வரி நீ, ஒரு வரி நான்

வாசிப்புக்கு ஜோடி போடும் முறையைப் பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். தடுமாறும் பிள்ளை ஒரு வரி, நன்றாகப் படிக்கும் பிள்ளை அடுத்த வரி. ஆராய்ச்சியில் நிரூபித்ததாம். பயிற்சியில் கேட்பதையெல்லாம் டீ குடித்ததோடு மறந்துவிடுகிற ஆள் நான். இது மட்டும் பலித்தது.

என் நாலாம் வகுப்பில் வீராம்பட்டினத்து மீனவர் வீட்டுப் பெண் ஒருத்தி. புத்தகத்தைத் திறந்தால் வாயை மூடிக்கொள்வாள். மாதா கோயில் பூசையில் பைபிள் வாசகம் படிக்கிற ஒரு கெட்டிக்காரியை அவளுக்கு ஜோடியாக்கினேன். கெட்டிக்காரிக்கு எப்போதும் அவசரம், எழுத்துகளை விழுங்குவாள். "ஏ, ஒரு எழுத்த வுட்டுட்ட, திரும்பப் படி" என்பாள் இவள். அதைச் சொல்வதற்காகவே கூர்ந்து படிக்கத் தொடங்கினாள். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அரையாண்டு லீவு முடிந்ததும் கெட்டிக்காரியின் அப்பா டி.சி. வாங்க வந்தார். "தப்பா நெனச்சிக்காதீங்க மிஸ். இங்கிலீஷ் மீடியத்துல சீட்டு கெடச்சிடுச்சி." இதில் நான் நினைக்க என்ன இருக்கிறது?

அடுத்த மாதம் வாசிப்புத் திறனைச் சோதிக்க ஓர் அதிகாரி வந்தார். இவள் முதல் வரியைப் பிசிறில்லாமல் படித்தாள். நிறுத்தினாள். காலியாக இருந்த பக்கத்து இடத்தைப் பார்த்தாள்.

"மேல படிம்மா" என்றார் அவர். அவள் படிக்கவில்லை. அவர் போனில் எதையோ தட்டினார்.

"சார், அவளுக்குத் தெரியும். பழக்கத்துல நிக்கிறா."

"இருக்கலாம் மேடம். பத்தி முழுக்கப் படிச்சாத்தான் ஆப் ஏத்துக்கும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளை இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு எழுத்து அட்டை படிக்க அனுப்பச் சொல்லி உத்தரவு வந்தது. மறு சோதனையில் படித்துக் காட்டினால்தான் திரும்ப வரலாம். வேறு பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்த்தேன். யாரோடும் அவள் வாய் திறக்கவில்லை.

கடைசியில் ஒரு மதியம் நானே ஜோடியாக உட்கார்ந்தேன். அவள் ஒரு வரி படித்தாள், நான் ஒரு வரி. இரண்டாவது முறை என் வரியில் ஒரு எழுத்தை வேண்டுமென்றே விழுங்கினேன். அவள் முகம் ஒரு நொடி மலர்ந்தது. பிறகு என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

"சும்மாங்காட்டியும் தப்பா படிக்கிறீங்க மிஸ்" என்றாள்.

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. புத்தகத்தை மூடி என் பக்கம் நகர்த்திவிட்டு, சின்னப் பிள்ளைகளின் வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.